அரசியல் சட்டத்தில் தேடினால் கிடைக்காது, கல்யாணச் சட்டத்தில் தேடுங்கள்

அமெரிக்க அரசியல் சிந்தனையை வகுப்பில் நடத்தும்போது பெண்கள் பற்றிய பாடத்துக்கு மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 1848இல் செனகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாடு, 1920இல் 19ஆவது திருத்தம், ஓட்டு கிடைத்தது, முடிந்தது. மார்க் வாங்க இது போதும். ஆனால் அதுவரை பெண்களை வெளியே நிறுத்தி வைத்தது எது என்று கேட்டுப் பாருங்கள், 'அரசியல் சட்டம்தான்' என்று சட்டென்று பதில் வரும்.

சரி, எடுத்துப் படித்துப் பாருங்கள். 1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில் ஆண்களுக்குத்தான் ஓட்டு என்று ஒரு வரிகூடக் கிடையாது. 'ஆண்' என்ற சொல்லே 1868இல்தான் உள்ளே வந்தது, அதுவும் சமத்துவம் தந்தது என்று எல்லாரும் கொண்டாடுகிற 14ஆவது திருத்தத்தின் 2ஆம் பிரிவில். யாருக்கு ஓட்டு என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள். அந்த மாநிலங்களுக்கோ இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பொதுச் சட்டம் கைவசம் இருந்தது: கல்யாணம் ஆகிவிட்டால் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள், அந்த ஆள் கணவன். சொத்து, சம்பளம், ஒப்பந்தம், வழக்கு எல்லாம் அவன் கையில். அப்படிப்பட்டவளுக்கு ஓட்டு கொடுத்தால் கணவனுக்கு இரண்டு ஓட்டு கொடுத்த மாதிரிதானே என்ற வாதம் இதிலிருந்துதான் கிளம்பியது.

நியூ ஜெர்சியைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 1776இல் அந்த மாநிலம் 50 பவுண்டு சொத்துள்ள, வயது வந்த குடியிருப்பாளர் எல்லாருக்கும் ஓட்டு என்றது. 1790 தேர்தல் சட்டம் 'அவன் அல்லது அவள்' என்றே எழுதியது. விதவைகளும் கல்யாணமாகாத பெண்களும் போய் ஓட்டுப் போட்டார்கள். கணவன் உள்ளவளுக்கு மட்டும் வழியில்லை, ஏனென்றால் அந்த 50 பவுண்டு அவள் பெயரில் இருக்க முடியாது. 1807இல் வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று அதையும் மூடிவிட்டார்கள், கறுப்பின ஆண்களின் ஓட்டும் அதோடு போயிற்று.

அபிகெயில் ஆடம்ஸ் 1776 மார்ச் 31 அன்று கணவர் ஜான் ஆடம்ஸுக்கு (பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபர்) எழுதிய கடிதத்தில் 'பெண்களை நினைவில் வையுங்கள்' என்கிற வரியை ஓட்டுரிமைக் கோரிக்கை என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை போலும். அவர் அங்கே கேட்டது ஓட்டு இல்லை, கணவன்மார் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான். படித்துவிட்டுச் சிரிப்புத்தான் வருகிறது என்று பதில் போட்டார் ஜான் ஆடம்ஸ். ஆறே வாரம் கழித்து மாசசூசெட்ஸ் நீதிபதி ஜேம்ஸ் சல்லிவனுக்கு எழுதும்போது அந்தச் சிரிப்பு இல்லை. சொத்துத் தகுதியில் கை வைத்தால் பெண்களும் ஓட்டுக் கேட்பார்கள், இதற்கு முடிவே இருக்காது என்று கவலைப்படுகிறார்.

கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்கிற இந்தச் சிந்தனை எவ்வளவு தூரம் போனது என்றால், 1907 சட்டப்படி வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்ட அமெரிக்கப் பெண்ணுக்குக் குடியுரிமையே போய்விடும். கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எதெல் மெக்கென்சி ஸ்காட்லாந்துக்காரரை மணந்தவர். பெண்களுக்கு அங்கே ஓட்டுரிமை வந்ததும் பதிவு செய்யப் போனார், நீ அமெரிக்கக் குடிமகளே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1915இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 1922இல் சட்டத்தை மாற்றியபோதுகூட, குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஆசியர்களை மணந்தவர்களுக்கு விடிவு வரவில்லை. 1923இல், குடியுரிமை கேட்ட இந்தியரான பகத் சிங் திண்டின் வழக்கில் வந்த தீர்ப்பு இந்தியர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

1974 வரை அமெரிக்கப் பெண்கள் கிரெடிட் கார்டு வாங்கச் சட்டம் தடை போட்டிருந்தது என்று அடிக்கடி ஃபார்வேர்டு வரும். அப்படி ஒரு தடை இருந்ததில்லை. கணவன் கையெழுத்தைக் கொண்டு வா என்று வங்கி கேட்டால் அதைத் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை, 1974 சட்டம் வந்துதான் தடுத்தது.

லூசியானாவில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. தம்பதியின் கூட்டுச் சொத்துக்குக் கணவனே தலைவன் என்பது அங்கே அப்போது சட்டம். 1974இல் ஒரு பெண், தன் மகளிடம் தவறாக நடந்தார் என்று கணவன் மேல் புகார் கொடுத்தார். தன்னைக் காப்பாற்ற வந்த வக்கீலின் ஃபீஸுக்கு, மனைவிக்குத் தெரியாமலே அந்தக் கணவர் வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்தார். வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவேன் என்று வக்கீல் மிரட்டியபோதுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயமே தெரிந்தது. கணவனைத் தலைவனாக்கிய அந்தச் சட்டம் செல்லும் என்று மாவட்ட நீதிமன்றம் சொன்னது. கிர்ச்பெர்க் வழக்கு என்கிற இதில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது 1981 மார்ச்சில், பெண்களுக்கு ஓட்டு வந்து அறுபது வருஷம் கழித்து.