கிரீவன்ஸ் சமரசமாகிவிட்டது, பாகுபாட்டுப் புகார் என்ன ஆகும்?

14 நாள் சஸ்பென்ஷனை 7 நாளாகக் குறைக்கிறோம், இங்கே ஒரு கையெழுத்து போடுங்கள் என்று ஒற்றைத் தாள் ஒன்று மேசையில் நகர்ந்து வருகிறது. பக்கத்தில் சங்கத்து ஸ்டீவர்ட், அதாவது ஊழியர்களுக்காகப் பேசும் சங்கப் பிரதிநிதி; எதிரே மேலதிகாரி. ஒரு வாரச் சம்பளம் மிச்சம், தொல்லையும் தீர்ந்தது என்று பேனாவை எடுக்கிறார் ஊழியர். அதே சஸ்பென்ஷன் தன் இனத்தின் காரணமாகக் கொடுக்கப்பட்டது என்று அவர் தனியாக ஒரு பாகுபாட்டுப் புகாரும் கொடுத்திருக்கிறார். அந்தப் புகாரின் கதி இந்தத் தாளோடு முடிந்துவிடுமா?

அமெரிக்க ஃபெடரல் அரசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் குழப்பம். எப்போதும் முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது, எப்போதும் தப்பிக்கும் என்றும் சொல்ல முடியாது. எந்தத் துறையில் வேலை, எந்தத் தாளை முதலில் கொடுத்தார், இப்போது கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் பதில் மாறும்.

முதலில் இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். கிரீவன்ஸ் என்பது சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தின்படி கொடுக்கும் குறைதீர்ப்பு மனு. பெரும்பாலும் அதை நடத்துவது சங்கம். பாகுபாட்டுப் புகார், அதாவது இ.இ.ஓ. (சம வேலைவாய்ப்பு) புகார், சட்டம் தனிமனிதருக்குக் கொடுத்த உரிமை. 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதியை 1972-ல் ஃபெடரல் ஊழியர்களுக்கும் நீட்டித்தார்கள். இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவை அதில் வருகின்றன. 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களின் வயது, உடல் ஊனம் போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அதுவும் புகாருக்குரியதே.

இ.இ.ஓ. வழியில் கடிகாரம் வேகமாக ஓடும். சம்பவம் நடந்த 45 நாளுக்குள் துறையின் இ.இ.ஓ. ஆலோசகரைத் தொடர்புகொள்ள வேண்டும். ஆலோசனைக் கட்டம் 30 நாள், சம்மதித்தால் 90 வரை போகலாம். புகார் கொடுக்கலாம் என்ற நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் முறையான புகார் போக வேண்டும். ‘கிரீவன்ஸ் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருந்து 45 நாளைத் தவறவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கிரீவன்ஸ் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது.

இப்போது சிக்கலான இடம். 1978-ன் குடிமைப் பணிச் சீர்திருத்தச் சட்டம், சங்க ஒப்பந்தத்தின் கீழ் வரும் பெரும்பாலான ஃபெடரல் ஊழியர்களிடம் ஒன்றைச் சொல்கிறது: ஒரே விஷயத்துக்கு இரண்டு வழிகளிலும் போகக்கூடாது, ஒன்றைத் தேர்ந்தெடு. ‘தேர்ந்தெடுக்கிறேன்’ என்று யாரும் எழுதித்தர வேண்டியதில்லை. எழுத்துமூலமான கிரீவன்ஸ், முறையான இ.இ.ஓ. புகார், இரண்டில் எது முதலில் உள்ளே போனதோ அதுவே தேர்வு. ஆலோசகரிடம் பேசியது கணக்கில் வராது.

கொஞ்சம் கொடுமையாகத் தோன்றும் பகுதி இனிமேல்தான். கிரீவன்ஸில் பாகுபாடு என்ற சொல்லே இல்லாவிட்டாலும் தேர்வு தேர்வுதான். பாகுபாட்டை அந்த மனுவில் எழுப்ப ஒப்பந்தம் இடம் கொடுத்திருந்தால் போதும். இப்படி ஒரு விதி இருக்கிறது என்று துறை சொல்லாமல் விட்டிருந்தாலும் மாறாது. பிறகு கிரீவன்ஸை வாபஸ் வாங்கினாலும் பூட்டிய கதவு திறக்காது. ஸ்டீவர்ட் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்த அரைப்பக்க மனு, பிறகு அந்த ஊழியர் வக்கீலை வைத்து எழுதும் முப்பது பக்கப் புகாரைத் தள்ளுபடி செய்ய வைக்கும். ஆகவே சங்கத்திடம் மனு கொடுக்கும் முன்பே எந்த வழி என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

கிரீவன்ஸ் வழியைத்தான் எடுத்தீர்கள் என்றால் பாகுபாட்டையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால், கிரீவன்ஸை விசாரிக்கும் நடுவரின் தீர்ப்பு பாதகமாக வரும்போது சம வேலைவாய்ப்பு ஆணையமான இ.இ.ஓ.சி.க்கு மேல்முறையீடு செய்ய விதி இடம் தருகிறது. நடுவில் சமரசம் செய்துகொண்டால்? தீர்ப்பு என்று ஒன்றே இருக்காது, மேல்முறையீடு செய்யவும் ஒன்றும் இருக்காது. தேர்வு விதிக்குள் இருப்பவருக்கு, கிரீவன்ஸை முதலில் கொடுத்துச் சமரசமும் ஆகிவிட்டால், அந்த விஷயம் அநேகமாக அங்கேயே முடிகிறது. பூட்டு அந்த விஷயத்துக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். சஸ்பென்ஷனுக்கு எதிராக கிரீவன்ஸ் கொடுத்தவர், ஆறு மாதம் கழித்துப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதற்கு இ.இ.ஓ. புகார் கொடுக்கலாம். அது வேறு விஷயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2025 மார்ச் 27-ல் கையெழுத்தான 14251-ஆம் எண் அதிபர் ஆணை, பல துறைகளைக் கூட்டுபேர உரிமையிலிருந்து, அதாவது சங்கம் ஊழியர்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேரம் பேசும் உரிமையிலிருந்து, விலக்கியது. அதை எதிர்த்து வழக்குகள் போனதால் உங்கள் சங்க ஒப்பந்தம் இன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தமே இல்லாத இடத்தில் கிரீவன்ஸ் வழியும் இல்லை, தேர்வுச் சிக்கலும் இல்லை.

தபால் துறைக்காரர்கள் நிலைமை வேறு. அந்தத் தேர்வு விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஒரே சஸ்பென்ஷனுக்கு கிரீவன்ஸும் இ.இ.ஓ. புகாரும் இணையாக ஓடலாம். கிரீவன்ஸ் முடியும்வரை புகாரை நிறுத்திவைக்கிறோம் என்று துறை எழுத்துமூலம் சொல்லலாம், அவ்வளவுதான். ஒப்பந்தத்திலேயே பாகுபாட்டை கிரீவன்ஸில் எழுப்பக்கூடாது என்று விலக்கியிருந்தால், மற்ற துறைக்காரர்களுக்கும் புகார் வழி திறந்தே இருக்கும். இரண்டு வழியும் உயிரோடு இருக்கும் இவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி முழு அர்த்தத்தோடு வருகிறது.

சமரசம் நடந்ததும் துறை சொல்லக்கூடிய முதல் வாதம், ‘பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, புகாரில் இனி என்ன இருக்கிறது?’ என்பது. சில சமயம் இது செல்லும். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை கிரீவன்ஸில் அடியோடு எடுத்துவிட்டார்கள், கோப்பிலும் இல்லை என்றால் புகார் பயனற்றதாகிவிட்டது என்று தள்ளலாம். இதற்கு ஆணையம் பார்ப்பது 1979-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு கேள்விகளை: அதே செயல் மறுபடி நடக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டா? நடந்ததன் விளைவுகள் முழுக்கத் துடைக்கப்பட்டுவிட்டனவா? நம் ஊழியரின் 14 நாள் 7 ஆனது. அந்த 7 நாள் அப்படியே இருக்கிறது, சம்பளம் போனது போனதுதான், கோப்பில் சஸ்பென்ஷன் என்ற சொல்லும் இருக்கிறது. விளைவு துடைக்கப்படவில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் நஷ்டஈடு. தூக்கம் போனது, மருத்துவரிடம் அலைந்தது, மன உளைச்சல் என்று இவற்றுக்கு இழப்பீடு கேட்க 1991-ன் சட்டம் வழி செய்தது. பெரிய முதலாளிகளுக்கும் ஃபெடரல் துறைகளுக்கும் உச்சவரம்பு 3,00,000 டாலர். ஆணையமே இதை ஃபெடரல் ஊழியருக்கு வழங்கலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிரீவன்ஸில் பொதுவாகக் கிடைப்பது இழந்த சம்பளமும் கோப்புத் திருத்தமும்தான். ஆகவே புகாரில் இழப்பீடு கேட்டிருந்தால், அதற்குப் பதில் சொல்லாமல் ‘எல்லாம் தீர்ந்தது’ என்று துறை மூடிவிட முடியாது. புகார்ப் படிவத்திலேயே அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். ஆனால் கிரீவன்ஸில் வாங்கிய சம்பளத்தை இங்கேயும் இன்னொரு முறை வாங்க முடியாது.

இரண்டாவது வாதம் தாளில் இருக்கும் வார்த்தை. ‘இந்தச் சம்பவம் தொடர்பான எல்லா மனுக்களும், இ.இ.ஓ. புகார் உட்பட, திரும்பப் பெறப்படுகின்றன’ என்று ஒரு வாசகம் கீழே எங்காவது உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதா, சங்கத்துக் கையெழுத்து மட்டுமா? கிரீவன்ஸ் சமரசங்களில் பல, சங்கமும் நிர்வாகமும் மட்டுமே கையெழுத்திட்டவை. 1974-ல் அலெக்சாண்டர் எதிர் கார்ட்னர்-டென்வர் வழக்கில், பாகுபாடு இல்லாமல் வேலை செய்யும் உரிமை தனிமனிதருடையது, கூட்டுபேரத்தில் சங்கம் அதை முன்கூட்டியே விட்டுக்கொடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே நீங்கள் தெரிந்து, சம்மதித்து விட்டுக்கொடுத்தால்தான் அது உங்கள் புகாரைக் கட்டுப்படுத்தும். நீங்களே போட்ட கையெழுத்தாக இருந்தால், படிக்கவில்லை என்று பிறகு சொல்வது எடுபடாது. புகாரைத் தொடரப்போகிறீர்கள் என்றால் அந்த வாசகத்தை அடித்துவிடச் சொல்லுங்கள், அல்லது ‘இ.இ.ஓ. புகாருக்கு இது பொருந்தாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இனிமேல் நடக்கப்போகும் பாகுபாட்டுக்கும் சேர்த்து இப்போதே உரிமையை எழுதிக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகத் துறை ஏதாவது தர வேண்டும். ஏற்கெனவே தர வேண்டியதையே தருவதாகச் சொன்னால் அது ஈடாகாது. ‘மரியாதையாக நடத்துவோம்’ என்ற வாக்குறுதியை மட்டும் நம்பிப் புகாரை விடுவதைப்போல ஏமாற்றம் வேறில்லை. இந்த மாதிரித் தெளிவற்ற வாக்குறுதியை ஆணையத்தால் அமல்படுத்த முடிவதில்லை.

வயது சார்ந்த புகாராக இருந்தால் பாதுகாப்பு இன்னும் கூடுதல். 1990-ன் சட்டப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் வயதுப் பாகுபாட்டுச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், வக்கீலைப் பாருங்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். யோசிக்க 21 நாளும், கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 நாளும் தர வேண்டும். ஏற்கெனவே முறையான புகார் நிலுவையில் இருந்தால் 21-க்குப் பதில் நியாயமான அவகாசம் போதும், அந்த 7 நாளும் கிடையாது.

சரி, கையெழுத்தும் ஆகி, துறை சொன்னதைச் செய்யவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? இ.இ.ஓ. புகாரிலேயே நடந்த சமரசம் என்றால், மீறல் தெரிந்த 30 நாளுக்குள் துறையின் இ.இ.ஓ. இயக்குநருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சமரச ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லலாம், அல்லது புகாரை நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓட்டச் சொல்லலாம். 35 நாளில் பதில் இல்லாவிட்டால் ஆணையத்துக்குப் போகலாம். வெறும் கிரீவன்ஸ் சமரசம் மீறப்பட்டால் சங்கம், நடுவர் என்று அதே வழியில்தான் திரும்பிப் போக வேண்டும். அதை இ.இ.ஓ. புகாராக எழுதினால், வேறு மன்றத்தின் வேலையை இங்கே கொண்டுவருகிறீர்கள் என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். எந்த மாதிரித் தாள் என்று தெரியவில்லையா? தலைப்பில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், கிரீவன்ஸ் எண் மட்டும் இருக்கிறதா, இ.இ.ஓ. புகார் எண்ணும் இருக்கிறதா என்று.