ஆன்லைன் முழுக்கவனப் பயிற்சி: மூன்றாவது வாரத்தில் ஏன் நின்றுபோகிறது?

செமஸ்டர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் பல கல்லூரிகளுக்கு மாணவர்களின் மனநலம் நினைவுக்கு வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜூம் இணைப்பு, ஒரு மணி நேரத் ‘தியான வகுப்பு’, அதோடு சரி. ஆற்றில் இறங்கிய பிறகு நீச்சல் கற்றுத்தர முடியாது. நவம்பர் தேர்வுக்குக் கைகொடுக்க வேண்டுமானால் செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

முழுக்கவனம், அதாவது மைண்ட்ஃபுல்னெஸ் என்பதைச் சிலர் ‘மனநிறைவு’ என்று எழுதுகிறார்கள். மனநிறைவு வேறு. இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பதுதான் இந்தப் பயிற்சி. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய திட்டத்தில் எட்டு வாரம், வாரம் ஒரு இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடப் பயிற்சி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வார வகுப்பில் சேர்ந்தவர்களுக்குத் தேர்வு நேரத்து மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அது நேரடி வகுப்பு.

கண்டனூரிலிருந்தோ புதுவயலிலிருந்தோ காலையில் பஸ் ஏறிக் காரைக்குடி வந்து, பொழுது சாய்ந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் 45 நிமிடம் கேட்பது நியாயமில்லை. பத்து நிமிடம் கேட்கலாம். தினமும் பத்து நிமிட ஆடியோ, வாரத்துக்கு ஒருமுறை 40 நிமிட நேரலை, இதுவே போதும். ஆடியோவை மோனோவில் 64 கேபிபிஎஸ் அளவில் பதிந்தால் பத்து நிமிடம் 5 எம்பிக்குள் அடங்கும். நெட் தீர்ந்துபோனவரும் இறக்கி வைத்துக்கொண்டு கேட்கலாம். கேட்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன் ஒலித்தால் போதும், அன்றைய பயிற்சி அதோடு போயிற்று.

குரல் முக்கியம். ‘உங்கள் சுவாசத்தை அவதானியுங்கள்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘மூச்சு தன்னால போயிட்டு வருது, சும்மா பாருங்க’ என்றால் பிள்ளைகள் கூடவே வருவார்கள்.

ஆடியோவை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் திட்டங்கள்தான் அதிகம் தோற்கின்றன. இணையவழிப் பயிற்சி குறித்த 15 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த பகுப்பாய்வில், வழிகாட்டி ஒருவர் கூடவே இருந்த திட்டங்கள் மன அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தன. ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பேர், மிஞ்சினால் பதினைந்து. வாரத்தின் நடுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ். அதிலும் ‘செஞ்சீங்களா?’ என்று கேட்காதீர்கள், அது வீட்டுப்பாடம் கேட்பதாகிவிடும். ‘இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?’ என்று கேளுங்கள்.

மூன்றாவது வாரத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் புதுசு. அதன்பின் மனம் எத்தனை தடவை ஓடுகிறது என்பது கண்ணில் படத் தொடங்குகிறது; ‘எனக்கு இது வரல’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஓடிய மனதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடினால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. இதை இரண்டாவது வார நேரலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

படபடப்பு அதிகமுள்ளவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே வினையாகலாம். கவனித்ததும் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள், நெஞ்சு இறுகுகிறது, பயம் கூடுகிறது. அவர்களைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாதத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய செட்டிநாட்டு வீட்டு வளவில் வெறுங்காலோடு நின்றால் குளிர்ச்சி முதலில் குதிகாலில் தெரியும், பிறகு விரல்களில். சிறிது நேரம் நின்ற இடத்தில் கல் கதகதப்பாகும், ஓரடி தள்ளி வைத்தால் மறுபடி குளிரும். சிமெண்டுத் தரையோ பஸ்ஸின் தகரத் தளமோ இருந்தாலும் இதே பயிற்சிதான்.

அந்த அமெரிக்கத் திட்டத்தில் உலர்திராட்சையை மெதுவாகத் தின்னும் பயிற்சி ஒன்று உண்டு. நமக்குச் சீப்புச் சீடை இருக்கிறது. வரிவரியான மேடு விரலில் படுவது, தேங்காய்ப்பால் வாசனை, கடிக்கும்போது காதுக்குள் கேட்கும் மொறுமொறுப்பு, பிறகு நாக்கில் கரையும் மாவு என்று ஒரே சீடைக்கு இரண்டு நிமிடம்.

தொடங்குமுன், மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவம் கட்டாயம். கடந்த இரண்டு வாரம் பற்றிய ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஆலோசகர் தனியாகப் பேச வேண்டும். ஒன்பதாவது கேள்வி, சாவு அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே போனில் கூப்பிட வேண்டும். கூகுள் ஃபார்மில் வாங்கிவைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்ப்பது பெருந்தவறு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்தப் பயிற்சி சிகிச்சை ஆகாது. மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். நள்ளிரவென்றாலும் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம்.

கடைசி இரண்டு வாரத்தை மூன்று நிமிடப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தேர்வறையில் வினாத்தாள் கைக்கு வருமுன் ஒரு நிமிடம், மனதில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது; ‘அரியர் விழுந்துடும்’ என்ற நினைப்பு வந்தால், அது ஒரு நினைப்பு என்று மட்டும் குறித்துக்கொள்வது. அடுத்த நிமிடம் பாதத்தில். மூன்றாவது நிமிடம் தோள், கை, பேனா பிடித்த விரல் என்று கவனத்தை விரிப்பது. பிறகு தெரிந்த கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கலாம்.