ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையானாலும் கோலாலம்பூர் அலுவலகமானாலும், ஆள் குறைக்கும்போது பல இடங்களில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. எச்.ஆர். கூப்பிடுவார்கள். மேசையில் கடிதம் தயாராக இருக்கும். "நீங்களே வேலையை விட்டதாகப் போட்டுவிடுங்கள், ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், ஒரு மாதச் சம்பளமும் தருகிறோம்" என்பார்கள். பயத்திலும் அவமானத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம், ஆறு வருட வேலை என்று வைத்துக்கொள்வோம். 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஒரு வருடமாவது வேலை செய்தவருக்கு இழப்பீடு உண்டு. சேவை இரண்டு வருடத்துக்குக் குறைவென்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், ஐந்து நிறைந்துவிட்டால் 20 நாள். ஆறு வருடத்துக்கு 120 நாள், அதாவது ஏறத்தாழ 11,800 ரிங்கிட். வேலை முடிந்து ஏழு நாளுக்குள் இதைக் கொடுத்தாக வேண்டும். எட்டு வார நோட்டீஸ் இது போகத் தனி. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை காப்புறுதி, அதாவது வேலை இழந்தவருக்குச் சில மாதம் பணம் தரும் திட்டம். மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடித்தது இதற்காகத்தான். 2017-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த கணக்குப்படி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாவதும் நான்காவதும் 40, கடைசி இரண்டு மாதம் 30. முழு ஆறு மாதத்துக்கும் தகுதி இருந்தால் நம் உதாரணத்தில் 8,100 ரிங்கிட் வரும். முதல்முறை கேட்பவர் கடைசி 24 மாதத்தில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

தானாக வேலையை விட்டவருக்கு இந்த இரண்டுமே கிடைக்காது. ஒரு கையெழுத்தில் கிட்டத்தட்ட 20,000 ரிங்கிட் போய்விடும். கடிதத்தில் "லெத்தாக் ஜாவாத்தான்" (ராஜினாமா), "சுக்கரேலா" (சுய விருப்பம்) என்ற மலாய்ச் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று நகலை வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிறுவனமே முறைப்படி அறிவிக்கும் வி.எஸ்.எஸ். எனும் விருப்ப விலகல் திட்டம் வேறு, அதில் போனவரும் சொக்சோவில் விண்ணப்பிக்கலாம்.

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். "முதலில் வேலை தேடிப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் சொக்சோ" என்று தள்ளிப்போடுவதால்தான் பலருக்குக் கை நழுவுகிறது. ஐ.சி. (அடையாள அட்டை) நகல், பணிநீக்கக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே எடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டு கம்பெனி ஆப்பில் மட்டும் இருந்தால், கணக்கை மூடுவதற்குள் இறக்கிவிடுங்கள். நீக்கம் நியாயமில்லை என்று தோன்றினால், தொழில் உறவுத் துறையில் புகார் செய்யவும் அதே 60 நாள்தான் கெடு.

இனி வேலை தேடல். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதியும்போது "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று எழுதுவதால் பயனில்லை. எந்த இயந்திரம், எத்தனை, எந்த ஷிப்ட் என்று எழுதுங்கள். "ஆப்பரேட்டர், 6 வருடம்" என்பதைவிட, "வயர் பாண்டிங், ஒரே நேரத்தில் 8 மிஷின், 12 மணி நேர இரவு ஷிப்ட், புதியவர்களுக்குப் பயிற்சி" என்ற ஒரு வரி எச்.ஆர். கண்ணில் நிற்கும். பினாங்குத் தீவில் இருப்பவர்கள் எதிர்க்கரையில் உள்ள பத்து காவானையும் கூலிமையும் சேர்த்தே தேடுங்கள். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் இரண்டு பாலங்களிலும் 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை.

ஏஜென்சி வழியாக வரும் ஒப்பந்த வேலையை எடுக்கலாம், தவறில்லை. ஆனால் சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ பிடிப்பார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போனால் அதற்கு வேலை காப்புறுதி கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டே கையெழுத்திடுங்கள். சொக்சோ பணம் வந்துகொண்டிருக்கும்போதே வேலை கிடைத்தால் மறைக்காமல் அறிவியுங்கள். மீதித் தொகையில் 25 விழுக்காட்டை மொத்தமாகத் தருவதற்கு அதே சட்டத்தில் இடமிருக்கிறது.

வீடு, கார் தவணை நெருக்கினால், தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசுங்கள், அல்லது கடன் ஆலோசனை அமைப்பான ஏ.கே.பி.கே.யை அணுகுங்கள். அங்கே ஆலோசனை இலவசம். வட்டிக்காரரிடம் போகவே வேண்டாம்.

வேலையில்லாத நேரத்தைத்தான் மோசடிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டெலிகிராமில் "லைக் போட்டால் காசு" என்று முதலில் 20, 30 ரிங்கிட் கொடுத்து நம்ப வைத்து, பிறகு "முன்பணம்" கேட்பார்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. சம்பளம் போட என்று சொல்லி ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் மோசடிப் பணம் புழங்கினால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே வங்கியையோ, தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் அழைத்தால்தான் அதை முடக்க வழி இருக்கும்.