ஜனவரிக்கு முன்பே காலியாகும் குதிர்

ஆப்பிரிக்க நாடான மலாவியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், டிசம்பர் கடைசியில் ஒரு நாள். முலாஞ்சே மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். எங்கள் திட்டத்தில் பெயர் கொடுத்திருந்த ஓர் அம்மாவின் காட்டைப் பார்க்கப் போயிருந்தேன். மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. களையும் கிட்டத்தட்ட அதே உயரம். பயிர் வெளிறிக் கிடந்தது, களை மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. ‘களை எடுக்கவில்லை, ஆர்வம் போதாது’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி அதே அம்மாவைப் பார்த்தேன். வேறொருவர் காட்டில், முதுகில் கைக்குழந்தையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் களை வெட்டிக்கொண்டிருந்தார். கூலி என்ன என்று கேட்டேன். அன்று சாயங்காலம் அரைத்துக் களி கிண்ட ஒரு சின்ன பேசின் மக்காச்சோளம். ஆர்வம் போதாதாம்! எழுதியதை அடித்துவிட்டேன். ஆனால் நடப்பதை முழுசாகப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

நான் வேளாண் விரிவாக்கப் பணியாளன். அறுவடைக்குப் பிந்தைய சேமிப்பு என் துறை. 2014 முதல் 2019 வரை தெற்கு மலாவியில் வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஆப்பிரிக்காவா, அங்கே மழையே கிடையாதே?” என்பதுதான். மழை உண்டு. நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஏரி. முலாஞ்சேயில் தேயிலைத் தோட்டமே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தும் 2019-20இல் எடுத்த அரசுக் கணக்குப்படி மக்களில் பாதிப் பேருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நூற்றுக்கு 84 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கையில் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம். ஏர், மாடு அபூர்வம். மண்வெட்டியும் முதுகும்தான்.

மழை வருவது வருடத்துக்கு ஒரே பருவம், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. முதல் மழைக்கு விதை ஊன்றி, ஏப்ரல் மே மாதங்களில் கதிர் ஒடிப்பார்கள். அந்த ஒரு அறுவடைதான் அடுத்த ஏப்ரல் வரை சோறு. சோறு என்றால் ந்சிமா, அதாவது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் கெட்டிக் களி. மற்றது எதைச் சாப்பிட்டாலும் அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. நம்மூரில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு “இன்னும் சாப்பிடலை” என்கிறவர்களுக்கு இது புரியும்.

சிறு நிலக்காரர் வீட்டுக் குதிர் ஏப்ரல் வரை தாங்குவதில்லை. நல்ல வருடத்தில் ஜனவரி, சுமாரான வருடத்தில் அக்டோபர். அதற்குப் பிறகு புது மக்காச்சோளம் பிடிக்கும் வரை பசி மாதங்கள். அப்போது வீட்டில் உள்ளவர்கள் ‘கன்யு’வுக்குப் போவார்கள். தினக்கூலி, துண்டு வேலை எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் அதுதான் பெயர். பிரச்சினை என்னவென்றால், கூலி வேலை கிடைக்கிற வாரங்களும் சொந்தக் காட்டில் களை எடுக்க வேண்டிய வாரங்களும் ஒன்றே. மக்காச்சோளத்துக்கு முதல் ஆறு வாரம்தான் உயிர்நாடி. அதற்குள் களை எடுக்காவிட்டால் பிறகு எவ்வளவு உரம் கொட்டினாலும் பலனில்லை. களை எடுக்காதவன் விளை எடுக்கான் என்று நாம் சொல்கிறோம். அவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் அடுத்தவர் களையை எடுக்கப் போகிறார்கள், இல்லையென்றால் அன்று இரவு அடுப்பு எரியாது. சொந்தக் காட்டுக் களை ஜனவரி கடைசியில் வெட்டப்படுகிறது. விளைச்சல் குறைகிறது. அடுத்த வருடம் குதிர் இன்னும் ஒரு மாதம் முன்னதாகக் காலியாகிறது. கன்யுவும் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குகிறது.

சரி, குறைவாக விளைந்தாலும் வைத்துச் சாப்பிடலாமே, அறுவடையானதும் ஏன் விற்கிறார்கள்? எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. ஒருநாள் அந்த அம்மாவின் வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அமயி என்றுதான் அங்கே பெரிய பெண்களைக் கூப்பிடுவார்கள், நம் அம்மா மாதிரி. பசி மாதத்தில் அமயி ஒரு மூட்டை மக்காச்சோளம் கடன் வாங்கியிருந்தார். அறுவடையில் இரண்டு மூட்டையாகத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கந்துவட்டிக்குக் ‘கட்டாபிலா’ என்று பெயர். அப்புறம் மூத்தவளுக்குப் பள்ளிக் கட்டணம், சோப்பு, உப்பு, ஒரு சாவுச் செலவு. மே மாதம் களத்தில் சாக்கோடும் தராசோடும் வியாபாரி வந்து நிற்கும்போது வேறு எதை விற்பது? அந்தத் தராசும் யோக்கியமானதில்லை என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். மேயில் விற்ற அதே மக்காச்சோளத்தை ஜனவரியில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள், சில வருடங்களில் அதற்கும் மேல். கணக்கு முடிந்ததும் அமயி சிரித்தார். “இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.”

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று சொல்ல முடியாது. 2001-02இல் பெரும் பஞ்சம் வந்தபோது, நாட்டின் அவசரக் கையிருப்புத் தானியம் அதற்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் 2005இல் இன்னொரு மோசமான விளைச்சல். அப்போதைய அதிபர் பிங்கு வா முத்தாரிகா, உதவி கொடுக்கும் நாடுகள் பல தயங்கியும், உரத்துக்கும் விதைக்கும் பெரிய மானியத்தைக் கொண்டுவந்தார். மழையும் கைகொடுத்தது. 2006, 2007 இரண்டு வருடமும் விளைச்சல் கொட்டியது. இந்த மானியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுகிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. நான் பார்த்தவரை, மூட்டை எப்போது கைக்கு வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விதைப்போடு இட வேண்டிய அடியுரம் ஜனவரி நடுவில் வந்தால், பாதி உரம் வீண். இறக்குமதி உரம் என்பதால் நாணயத்தின் மதிப்பு விழும்போதெல்லாம் விலை எகிறும். 2023 நவம்பரில், ஒரே நாளில் டாலர் விலை 44 சதவீதம் ஏறும்படி, அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள். விவசாயிக்கு அது விதைப்பு நேரம்.

என் துறைக்கு வருகிறேன், என் தவறோடு. பழைய நாட்டு மக்காச்சோளம் கல் மாதிரி இருக்கும், உறை இறுக்கமாக மூடியிருக்கும், மூங்கில் குதிரில் போட்டு வைத்தாலே போதும். வீரிய ரகங்கள் அதிகம் விளைகின்றன, ஆனால் பலவற்றில் மணி மென்மை. போதாக்குறைக்கு நங்காஃபும்புவே என்று ஒரு துளைப்பான் வண்டு. மத்திய அமெரிக்காவிலிருந்து எப்படியோ 1970களின் கடைசியில் தான்சானியாவுக்கு வந்து, அங்கிருந்து பரவியது. அது புகுந்த மூட்டையைத் தூக்கினால் மாவுதான் கொட்டும். அதற்கு மருந்தில்லாத வழி, காற்றுப் புகாத மூன்றடுக்குப் பை. 1980களில் கேமரூனில் காராமணிக்காக உருவாக்கியது. உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் உறை, வெளியே சாதாரணச் சாக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்கி, மடக்கி, கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஆக்சிஜனைப் பூச்சியே சுவாசித்துத் தீர்த்துவிட்டு, அதுவே செத்துப்போகும்.

நான் பையைக் கொடுத்தேன், கட்டும் முறையைக் காட்டினேன், போட்டோ எடுத்தேன், அறிக்கை அனுப்பினேன். காய வைப்பதைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லை. முலாஞ்சேயில் ஜூன், ஜூலையில் ‘சிப்பெரோனி’ என்று குளிர்ந்த தூறல் நாள்கணக்காகப் பிடித்துக்கொள்ளும். வியாபாரி வருவதற்குள் மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அமயி அரைகுறை ஈரத்தோடு நாலு பையைக் கட்டிவிட்டார். டிசம்பரில் முதல் பையைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். புளித்த நாற்றம். வாய்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அமயி கோபப்படவில்லை. ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “கோழிக்குப் போடலாமா?” என்று கேட்டார். கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பூஞ்சணம் பிடித்த தானியத்தில் அஃப்ளாடாக்சின் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் போகாது, நாள்பட்டால் ஈரலைக் கெடுக்கும். கோழிக்கும் ஆகாது.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பைக்கு முன்னால் உப்பைத்தான் எடுப்பேன். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் தானியம், அதில் ஒரு கரண்டி வறண்ட உப்பு. மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைக்க வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் அதிகம், இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் அடியில் விழுந்தால் கட்டலாம். செலவில்லாத சோதனை. நம்மூரில் நிலக்கடலையோ மக்காச்சோளமோ வைப்பவர்களும் செய்து பார்க்கலாம்.

பை மட்டும் போதாது என்பதும் அந்த டிசம்பரில்தான் உறைத்தது. மே மாதத்துச் செலவுக்குப் பணம் வேறு எங்கிருந்தாவது வந்தால்தானே மூட்டை வீட்டில் தங்கும்? அதற்கு அந்தப் பெண்களே வழி வைத்திருந்தார்கள். பேங்கி ம்கொண்டே என்று பெயர். கொண்டே என்றால் திண்ணை. அதாவது திண்ணை வங்கி! பதினைந்து இருபது பெண்கள், வாரம் ஒரு நாள், மூன்று பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, மூன்று பேரிடம் சாவி. நம் மகளிர் குழுக்களைப் பார்த்த கண்ணுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. வட்டி குழுவுக்கே திரும்பி வரும். நாங்கள் செய்தது ஒரே ஒரு மாற்றம். வழக்கமாக டிசம்பரில் பெட்டியைப் பிரித்துப் பங்கு போடுவார்கள், அதை ஏப்ரலுக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம். பாதிக் குழு மறுத்துவிட்டது, டிசம்பரில்தான் உரம் வாங்க வேண்டும் என்று. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். மாற்றிய குழுவில் அமயி இருந்தார். அந்த வருடம் மேயில் விற்றது இரண்டு மூட்டை, கட்டிவைத்தது ஐந்து.

இந்த வேலைக்கு இப்போது தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள், தன்னார்வலர்களாகவும் நிறுவனச் சம்பளத்திலும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜனவரியில் பயிற்சி முகாம் வைக்காதீர்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் சோற்றை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அப்புறம் நந்தோலோ. நம் துவரைதான். தெற்கு மலாவியில் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகப் போடுவார்கள். மக்காச்சோளம் முடிந்த பிறகும் காட்டில் நிற்கும், அவிழ்த்துவிட்ட ஆடுகளுக்குத் தப்பினால் ஜூலைக்கு மேல் காசாகும். அந்தக் காசின் கயிறு இந்தியாவில் கட்டப்பட்டிருக்கிறது, ஏனென்றால் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. 2016இல் வறட்சி. 2017இல் நன்றாக விளைந்தது, அதனாலேயே மக்காச்சோள விலை சரிந்தது. துவரையாவது காப்பாற்றும் என்று இருந்தபோது, ஆகஸ்டில் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு வருடம் 2 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. நம் விவசாயிகளுக்கு விலை விழுந்துகொண்டிருந்த நேரம் அது, அந்த முடிவைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் முந்தைய வருடம் கிடைத்ததில் பாதி விலைக்குக்கூட மலாவியில் கேட்பாரில்லை. சிலர் அறுக்காமல் விறகுக்கு விட்டார்கள். 2021இல்தான் மலாவியிடமிருந்து வருடம் 50,000 டன் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அமயி என்னிடம் மழையைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “உங்கள் ஊரில் இந்த வருடம் நந்தோலோ எப்படி?” செல்பேசியில் கர்நாடகத்தின் கலபுரகி சந்தையில் துவரை விலையைப் பார்த்துச் சொல்வேன். விலை ஏறியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு, எத்தனை கிலோவை நிறுத்திவைப்பது என்று மகளிடம் கணக்குக் கேட்பார்.