"நேத்து வரைக்கும் ஓடிச்சே!" – பிரௌசர் அப்டேட்டுக்குப் பிறகு எங்கே பார்ப்பது?

சென்னை எம்.சி. ரோடு துணிக்கடையின் பில்லிங் மேஜை, தண்டையார்பேட்டை பிரௌசிங் சென்டர், தம்பு செட்டி தெருவில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ். எங்கிருந்து வந்தாலும் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வரும் போன் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு. அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன், புட்டுக்கிச்சு." அதோடு சேர்ந்தே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "இந்த அப்டேட்டையே நிறுத்திடலாமா சார்?"

நிறுத்தக் கூடாது. 2023 செப்டம்பரில் நடந்ததே போதுமான காரணம். வெப்-பி என்ற பட வகையைத் திறந்து காட்டும் நிரல் பகுதியில் ஒரு ஓட்டை (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சி.வி.இ.-2023-4863). அதற்கென்றே செய்த ஒரு படம் திரையில் வந்தாலே போதும், எதையும் கிளிக் செய்யாமலே கணினிக்குள் நுழைய வழி இருந்தது. அதை அடைக்கும் திருத்தம் வருவதற்கு முன்பே அதைச் சிலர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எல்லாமே அவசர அப்டேட் கொடுத்தன. அப்டேட்டை நிறுத்திவைத்த கணினிகளில் அந்த ஓட்டை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதே கணினியில்தான் பேங்க் வேலையும் நடக்கிறது.

அதற்காக, வாடிக்கையாளரின் எரிச்சலில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021 இலிருந்து குரோம் 4 வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடும் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் 6 வாரம். அதையும் எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்புகிறார்கள். "பக்கத்துக் கடையில ஓடுதே, என் சிஸ்டத்துல மட்டும் ஏன்?" என்பதற்குப் பல நேரம் பதில் இதுதான்: பக்கத்துக் கடைக்கு அந்தப் பதிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

பிழையா, தெரிந்தே செய்த மாற்றமா?

இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும், வைத்தியம் வேறு. பிழைக்கு உதாரணம் 2021 மார்ச். ஆண்ட்ராய்டில் ஆப்களுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூ என்ற பாகத்துக்கு வந்த ஒரு அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்த உடனே மூடிக்கொண்டன. போன் கெட்டுவிட்டது என்று ஃபேக்டரி ரீசெட் செய்து போட்டோக்களைத் தொலைத்தவர்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது, பிளே ஸ்டோரில் அந்த வெப்வியூவின் அப்டேட்டை நீக்குவது, அல்லது சரிசெய்த பதிப்பு வந்ததும் அதை ஏற்றுவது. அவ்வளவுதான்.

தெரிந்தே செய்த மாற்றத்துக்கு உதாரணம் 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80. ஒரு தளத்தின் குக்கியை (உங்களை நினைவில் வைக்கத் தளம் பிரௌசரில் சேமிக்கும் சிறு குறிப்பு) இன்னொரு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு சேர்த்து அனுப்புவதற்குப் புதிய கட்டுப்பாடு வந்தது. பணம் கட்ட பேங்க் பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், பழைய முறையில் எழுதிய தளம் உங்களை மறந்துபோய் மறுபடி லாகின் கேட்கும். ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி அந்த மாற்றத்தைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்றார்கள், ஜூலையில் மீண்டும் கொண்டுவந்தார்கள். இங்கே உங்கள் கணினியைக் குடைந்து பயனில்லை. தளத்தை நடத்துபவர்தான் திருத்த வேண்டும்.

முதலில் கடிகாரம்

சிரிக்காதீர்கள். பழைய டெஸ்க்டாப்களில் "அப்டேட்டுக்குப் பிறகு எந்த சைட்டும் திறக்கல" என்ற புகாரைக் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது வலது கீழ் மூலையில் உள்ள தேதி. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 செல் தீர்ந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டதும் தேதி பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினி தன்னை 2012 இல் இருப்பதாக நினைத்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. "உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது" என்றோ, தனிப்பட்ட இணைப்பு இல்லை என்றோ சிவப்பு எச்சரிக்கை வரும்.

இரவு கடையைப் பூட்டும்போது போர்டு சுவிட்சையே அணைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரத்தை எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) ஓட்டும், செல்லுக்கு வேலை இல்லை. சுவிட்சை அணைத்தால் இரவு முழுக்கச் செல்தான் ஓட்ட வேண்டும், அதனால் சீக்கிரம் தீரும். புதுச் செல்லுக்குச் சில பத்து ரூபாய்தான். கணினியை அணைத்து, கேபிளைக் கழற்றி, செல்லை மாற்றி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு அழுத்துங்கள். பிறகு தேதியைக் கையால் சரியாக வையுங்கள். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால், சாதாரண விண்டோஸ் அமைப்பில் தானியங்கி நேரத் திருத்தம் கைவைக்காது. கையால் அருகே கொண்டுவந்த பிறகுதான் அது பிடித்துக்கொள்ளும்.

அடுத்து எந்த வரிசையில்

கடிகாரம் சரி என்றால், அதே தளத்தை வைஃபையை அணைத்த போனில் திறந்து பாருங்கள். அங்கேயும் ஓடவில்லையா? சர்வர் பக்கம் கோளாறு, டீ குடிக்கப் போகலாம்.

போனில் ஓடுகிறது என்றால், கணினியில் மறைநிலைச் சாளரத்தைத் திறங்கள் (இன்காக்னிட்டோ: கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும்). அதில் எக்ஸ்டென்ஷன்கள் (பிரௌசரில் நாம் சேர்த்த துணை நிரல்கள்) வழக்கமாக ஓடாது, பழைய குக்கிகளும் இருக்காது. அங்கே வேலை செய்தால் குற்றவாளி இந்த இரண்டில் ஒன்று. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டு, அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் நீக்குங்கள். "ஹிஸ்டரி எல்லாம் கிளியர் பண்ணு" என்று போனிலேயே சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பெட்டியில் பாஸ்வேர்டுக்கும் டிக் போட இடம் உள்ள பதிப்புகள் உண்டு. அவசரத்தில் அதுவும் போய்விடும். குக்கியை நீக்கியும் சரியாகவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். பழைய விளம்பரத் தடுப்பான் காணாமல் போனது உங்கள் தவறில்லை. எக்ஸ்டென்ஷன்களின் பழைய அமைப்பையே குரோம் 2025 இல் முழுதாகக் கைவிட்டது.

மறைநிலையிலும் ஓடவில்லை என்றால் ஃபயர்பாக்ஸில் திறக்க வேண்டும். எட்ஜிலோ பிரேவிலோ திறந்து பார்ப்பதால் பெரிதாக எதுவும் தெரியவராது. அவற்றின் உள்ளே பக்கத்தைத் திரையில் காட்டுவதும் குரோமின் எஞ்சின்தான். ஃபயர்பாக்ஸில் ஓடி குரோமில் ஓடவில்லை என்றால், எஞ்சினில் ஏதோ மாறியிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதி. வேலையை அதில் முடித்துவிட்டு, குரோமின் அடுத்த திருத்தம் வரும்வரை காத்திருக்கலாம்.

திரை கறுத்துப்போவது, மெனு சிதறுவது என்றால் பழைய கிராஃபிக்ஸ் டிரைவரோடு சண்டை. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்து, குரோமை மூடித் திறங்கள்.

டோக்கனும் கைரேகை மெஷினும்

அதிக நேரம் தின்பது, டிஜிட்டல் கையெழுத்து அடங்கிய யூ.எஸ்.பி. டோக்கனும் கைரேகை மெஷினும்தான். ஒரு காலத்தில் டிஜிட்டல் கையெழுத்து ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரலாக பிரௌசருக்குள்ளேயே ஓடியது. அந்த வாசலை குரோம் 2015 இலும் ஃபயர்பாக்ஸ் 2017 இலும் மூடிவிட்டன. இப்போது கையெழுத்துப் போடும் மென்பொருள் கணினியில் தனியாக ஓடுகிறது. தளம் பிரௌசர் வழியாக 127.0.0.1 என்ற உள் முகவரியில் அதோடு பேசுகிறது. ஆதார் கைரேகை மெஷினின் ஆர்.டி. சர்வீஸ் என்ற நிரலும் அப்படித்தான், 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் (எண் போட்ட உள் வாசல்கள்) காத்திருக்கும். "டோக்கன் டிடெக்ட் ஆகல" என்று வந்தவுடன் யூ.எஸ்.பி.யைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதில் பயனில்லை. டோக்கனில் விளக்கு எரிந்தால் கம்பி வேலை பெரும்பாலும் சரிதான்.

2025 அக்டோபரில் வந்த குரோம் 142 முதல், ஒரு வெளித்தளம் உங்கள் கணினிக்குள் இருக்கும் இப்படிப்பட்ட நிரலோடு பேச முயன்றால் பிரௌசர் அனுமதி கேட்கிறது. எதற்கென்று புரியாத பெட்டி, கவுன்டரில் ஆள் நிற்கிறார், கை தானாக "பிளாக்"கை அமுக்கிவிடும். அதன்பின் பெட்டி வராது, கையெழுத்தும் விழாது. முகவரிப் பட்டையின் இடது சின்னத்தில் தள அமைப்புகளைத் திறந்து, லோக்கல் நெட்வொர்க் என்றோ, இந்தக் கருவியில் உள்ள ஆப்கள் என்றோ வரும் வரியை "அலோ" ஆக்கி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். உங்களுக்குத் தெரிந்த அரசுத் தளத்துக்கோ பேங்குக்கோ மட்டும் இந்த அனுமதி. சினிமா டவுன்லோட் தளம் இதைக் கேட்டால் "பிளாக்"தான் சரி.

அனுமதி சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், கையெழுத்து மென்பொருள் ஓடுகிறதா என்று கடிகாரத்துக்குப் பக்கத்துச் சின்னங்களில் பாருங்கள். இல்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள்.

விண்டோஸ் 7 இல் நிற்பவர்களுக்கு

அதில் ஓடும் கடைசி குரோம் 109; 2023 பிப்ரவரியில் வந்த 110 க்கு விண்டோஸ் 10 வேண்டும். தளங்கள் நாளுக்கு நாள் புதிய ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படுகின்றன. பழைய பிரௌசருக்குப் புரியாத இலக்கணம் ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் அந்த நிரல் கோப்பு மொத்தமும் ஓடாது. வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும். விண்டோஸ் 10 க்கும் 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதை செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் வாங்கும் முன் கணக்கில் வையுங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

எங்கிருந்தோ கிடைத்த பழைய குரோமை மேலே போட்டால், "இந்த புரொஃபைல் புதிய பதிப்பில் உருவானது" என்று சொல்லித் தகராறு செய்யும் (புரொஃபைல் என்பது உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு, அமைப்புகள் எல்லாம் இருக்கும் தொகுப்பு). ஃபயர்பாக்ஸ் காலியான புது புரொஃபைலைத் திறந்து கொடுக்கும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அழிந்ததாகத் தோன்றும். பழைய புரொஃபைலில் பத்திரமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம்.

இதற்குப் பதில், அப்டேட் செய்யும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குக் காட்டும் கடை என்றால், கடைசித் தேதி நெருக்கும் 10, 11, 19, 20 தேதிகளில் அப்டேட்டை முடிக்கும் "ரீலாஞ்ச்" பொத்தானைத் தொடாதீர்கள். மற்ற நாளில், காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகச் செய்யுங்கள். பாதி நிரப்பிய படிவம் எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஃபயர்பாக்ஸில் "சரிபார், ஆனால் நான் சொன்னால் நிறுவு" என்ற தேர்வே இருக்கிறது. அதன் இ.எஸ்.ஆர். என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தவறாமல் வரும், பெரிய மாற்றங்கள் ஏறத்தாழ வருடத்துக்கு ஒருமுறைதான். அலுவலகத்தில் இரண்டாவது பிரௌசராக வைக்க அதுவே ஏற்றது.

ஒரு பக்கத்தின் நடுவில் "உங்கள் குரோம் பழசாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள்" என்று வந்தால் அது பொய். கணினியில் உண்மையான அப்டேட் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி மெனுவில்தான் காட்டும். போனில் பிளே ஸ்டோரில் வரும். ஜிப்பாகவோ ஏ.பி.கே.யாகவோ எதையாவது இறக்கச் சொன்னால் அந்த டேபை மூடுங்கள்.

உண்மையான பிழை என்று தெரிந்தால் புகார் கொடுங்கள். குரோமில் ஆல்ட், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புகார்ப் பெட்டி வரும். ஃபயர்பாக்ஸில் உதவி மெனுவில் உடைந்த தளத்தைப் புகாரளிக்கும் வரி. "ஓடல" என்று மட்டும் எழுதினால் எவராலும் எதுவும் செய்ய முடியாது. பதிப்பின் முழு எண், விண்டோஸ் பதிப்பு, பக்கத்தின் முகவரி, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வருகிறது, எஃப்12 ஐ அழுத்தினால் கன்சோலில் (பிரௌசரின் பிழைப் பதிவு) தெரியும் சிவப்பு வரிகள் – இவ்வளவும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பும் முன், அதில் தெரியும் வாடிக்கையாளரின் ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் மறைத்துவிடுங்கள்.