எல்லா ‘மேல்’-உம் ‘ஆன்’ ஆகாது

அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். போன வாரம் ஒரு மாணவர், க்ளையன்ட்டிடம் திட்டு வாங்கிவிட்டு முகம் வாடி வந்தார். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறோம்’ என்று மனதில் நினைத்து, ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்று மெயில் போட்டிருக்கிறார். க்ளையன்ட் வியாழன் மாலை வரை காத்திருந்து பார்த்துவிட்டு, மேலாளரையே அழைத்துவிட்டார். வேலையில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமையும் சேர்ந்த கெடு என்றால் ‘பை ஃப்ரைடே’ என்று எழுத வேண்டும். ‘பிஃபோர்’ போட்டால் வியாழனோடு கெடு முடிந்தது. ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதுகிறவர்களும் ஏராளம். தயவுசெய்து வேண்டாம். ‘விதின்’ போட்டால் பின்னால் ‘டூ டேஸ்’ மாதிரி ஒரு கால அளவு வர வேண்டும்.

இன், ஆன், பை மாதிரி ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சின்னச் சொற்களுக்கு ப்ரெபொசிஷன் என்று பெயர். அவற்றில் வரும் தப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ‘இல்’ என்றால் இன், ‘மேல்’ என்றால் ஆன், ‘ஆல்’ என்றால் பை என்று சின்ன வயதிலேயே உருப்போட வைத்துவிடுகிறார்கள். பெரியவர்களான பிறகு அதை மனதிலிருந்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

‘மேல்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் மேல் கோபம் என்பது ‘ஆங்க்ரி வித் மி’. அவர் மேல் நம்பிக்கை, ‘ஃபெய்த் இன் ஹிம்’. அவர் மேல் புகார், ‘கம்ப்ளெய்ன்ட் அகெய்ன்ஸ்ட் ஹிம்’. அவர் மேல் பொறாமை, ‘ஜெலஸ் ஆஃப் ஹிம்’. நான்கு இடத்திலும் தமிழில் ‘மேல்’ இருக்கிறது, ஆங்கிலத்தில் ஓர் இடத்தில்கூட ‘ஆன்’ இல்லை. ‘இல்’ கதையும் இதேதான். ஸ்டேஷனில் நிற்கிறேன் என்றால் ‘அட் த ஸ்டேஷன்’, பையைக் காரில் வைத்தேன் என்றால் ‘இன் த கார்’, பஸ்ஸில் வந்தேன் என்றால் ‘பை பஸ்’. பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றால் ‘ஆன் த பஸ்’. இந்தக் கடைசி ஒன்றுக்கு ‘இன் த பஸ்’ என்று இந்தியா முழுக்கச் சொல்கிறார்கள், யாருக்கும் புரியாமல் போவதில்லை. அதற்காகப் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையைக் கொட்ட வேண்டாம்.

எந்த ப்ரெபொசிஷன் என்பதைப் பல இடங்களில் பக்கத்தில் நிற்கிற ஆங்கிலச் சொல்தான் முடிவு செய்கிறது. தமிழ் உருபுக்கு அதில் வேலை இல்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு சொல் வாக்கியத்தில் எதோடு சேர்ந்து வரும் என்பதையும் காட்டும் அகராதியை அவர் சகாக்களோடு உருவாக்கினார். 1942-இல் டோக்கியோவில் வந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. இன்றைக்கு அந்த வகை அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருளைப் பார்த்த கையோடு மூடிவிடாதீர்கள், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள்.

அப்புறம், தேவையில்லாத இடத்தில் ஒட்டுவது. ‘டிஸ்கஸ் அபவுட்’ வேண்டாம், ‘டிஸ்கஸ்’ போதும். ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி என்பதால்தான் இந்தக் குழப்பம்: பெயர்ச்சொல்லுக்கு ப்ரெபொசிஷன் வேண்டும், வினைச்சொல்லுக்கு வேண்டாம். ‘ரிக்வெஸ்ட்’ என்ற சொல்லுக்கும் இதே கணக்கு. ‘ஹி டோல்ட் டு மி’ தப்பு, ‘ஹி டோல்ட் மி’ சரி. ஆனால் ‘எக்ஸ்ப்ளெய்ன் மி’ என்று கேட்காதீர்கள், அங்கே ‘டு’ கட்டாயம்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. 2019-இலிருந்து இன்னும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறீர்கள் என்றால், ‘ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’. ‘ஃப்ரம் 2019’ என்று தொடங்கினால், எதுவரை என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார். ஆண்டைச் சொல்லாமல் கால அளவைச் சொன்னால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கோடிட்ட இடத்தை நிரப்பு என்று தனித்தனி வாக்கியங்களாகக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு பத்தியைக் கொடுங்கள்: விடுப்பு விண்ணப்பம், மின்வாரியத்துக்குப் புகார், நண்பனுக்கு வழி சொல்லும் மெசேஜ். அதில் வருகிற ப்ரெபொசிஷனை முன்னால் உள்ள சொல்லோடு சேர்த்து அடிக்கோடிடச் சொல்லுங்கள். ‘டிபென்ட்’ தனியாக, ‘ஆன்’ தனியாகக் கரும்பலகையில் எழுதாதீர்கள். ‘டிபென்ட் ஆன்’ என்றே எழுதுங்கள், அப்படியே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.