'மிஸ்ஸிங்' என்ற சொல்லும் முகாம் வாசலில் கிடைத்த பதிலும்

மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்யும் என்னிடம், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த ஆங்கிலக் கடிதங்களுடன் வருவதுண்டு. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே வாக்கியம்: 'மை சன் வென்ட் மிஸ்ஸிங் இன் 1990', அதாவது 'என் மகன் 1990 இல் காணாமற்போனான்'. அப்படியொரு கடிதத்தை நான் தமிழில் வாசித்துக் காட்டியபோது, பொலித்தீன் பையை மடியில் வைத்திருந்த அம்மா இடைமறித்தார்.

"அவன் தானாப் போகல்லயே மனே. வீட்டுக்க வந்துதானே புடிச்சிற்றுப் போனாங்க."

அவர் பிடித்த பிழை சிறியதல்ல. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் உறவினர் பார்த்திருக்கவே கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களை 'மிஸ்ஸிங்' என்று எழுதினால், கொண்டுசென்றவர்கள் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். தமிழில் நாம் 'காணாமல் போனோர்', 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று பிரித்துப் பேசுவதை ஆங்கிலத்தில் 'என்ஃபோர்ஸ்ட் டிசப்பியரன்ஸ்' (வலிந்து காணாமல் ஆக்கப்படுதல்) என்ற தொடர் செய்கிறது. இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்து, 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உள்நாட்டில் நடைமுறைப்படுத்திய, வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து ஆட்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச சமவாயத்தின் தொடர் அது. (காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் 'மிஸ்ஸிங்' இருப்பது வேறு விடயம், போரில் காணாமற்போன படையினரும் அதன் வரம்புக்குள் வருகின்றனர்.)

அந்தச் சமவாயத்தின் வரைவிலக்கணத்தில் 'அக்குயெசன்ஸ்' என்றொரு சொல் உண்டு. இதனைப் பலர் 'ஒத்துழைப்பு' என்று மொழிபெயர்த்துக் கெடுக்கின்றனர். ஒத்துழைப்பது வேறு, தடுக்க வேண்டியவர்கள் கண்டும் காணாததுபோல் இருந்து இடங்கொடுப்பது வேறு. ஆயுதக் குழுக்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஆட்களை ஏற்றிச்சென்ற காலத்தை அறிந்த கிழக்கு மாகாணத்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய விடுபடல் இன்னொன்று. பிடித்துச்சென்றதுடன் கடிதம் முடிந்துவிடும். ஆனால், பிடித்ததை ஒப்புக்கொள்ள மறுப்பதோ அவரது கதியையும் இருப்பிடத்தையும் மறைப்பதோ அந்த வரைவிலக்கணத்தின் ஒரு கூறாகும். ஆகவே எந்தப் படைமுகாமுக்குப் போனீர்கள், யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்பதை நினைவிலுள்ள அளவுக்குத் திகதியுடன் எழுதுவியுங்கள்.

'அலெஜ்ட்' என்ற சொல்லைக் கண்டு, தங்களைப் பொய்யர் என்கிறார்கள் என்று கோபப்படும் பிள்ளைகளும் உண்டு. இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்பதே அதன் பொருள். 'கொம்பன்சேஷன்' நட்டஈட்டுப் பணம். 'ரெப்பரேஷன்' அதையும் புனர்வாழ்வையும் மீள நிகழாமைக்கான உத்தரவாதத்தையும் சேர்த்துக் குறிப்பது. முன்னையதை மட்டும் கேட்டால், மற்றவற்றைக் கேட்காமல் விட்டதாகவே கோப்பில் பதிவாகும்.

அந்த அம்மாவின் கடிதத்தை அன்று புதிதாக எழுதினோம். மூன்று முகாம்களுக்குப் போயிருந்தார். மூன்றாவது முகாமின் வாசலில் நின்றவர், "அப்படி ஒருத்தரும் இங்க இல்ல" என்று சொன்னபோது, உள்ளே கொடியில் மகனின் சாரம் காய்ந்துகொண்டிருந்ததை அவர் கண்டிருக்கிறார். பழைய கடிதத்தில் அது இருக்கவில்லை. எழுதியவர் கேட்கவில்லையாம்.